துரை பங்களாவின் புகைக்குழாய்

குளிருக்காகத் தேயிலை எஸ்டேட் துரை தம் பங்களாவுக்குக் கேஸ் ஹீட்டர் வாங்கினார். அதற்கு இரண்டு குழாய்: ஒன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், மற்றது புகையை வெளியே தள்ளும்.

“காத்துக்குழாயைத் தோட்டத்துப் பக்கம் வை. புகைக்குழாயைப் பின்னால லைன் வீட்டுப் பக்கம் திருப்பு” என்றார் துரை, ஹீட்டரை மாட்ட வந்த பிட்டர் வீரணனிடம்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் அந்த லைன் வீட்டில்தான் வீரணனின் கைக்குழந்தை தூங்குகிறது.

“புகை உள்ள வருமே, தொரை.”

“வெறும் ஆவிடா. ஒண்ணும் பண்ணாது.”

“அப்ப சரிங்க” என்ற வீரணன், புகைக்குழாயைத் துரையின் நாற்காலிக்கு நேரே நீட்டிவைத்துச் சுவிட்சில் கைவைத்தான்.

துரை துள்ளியெழுந்து வாசலுக்கு ஓடினார். “போடாதேடா, ஆளையே கொன்னுடும்.”

“எஸ்டேட்டுல ஆளுன்னா நாங்கதானே? தொரை ஏன் ஓடுறீங்க?”

வாசலில் நின்ற கொழுந்து பறிக்கும் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். வீரணன் புகைக்குழாய்க்கான இரண்டாவது ஓட்டையையும் தோட்டத்துப் பக்கச் சுவரிலேயே போட்டான்.