ஒத்த ரன்

"யாரை எத்தனாவதா இறக்குனாலும் எவனாவது ஒருத்தன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுறான் சாமி. நான் என்னதான் செய்ய?"

காளிராஜ் கேட்டான். அம்பயர் சாமி கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

காளிராஜ், கண்மாய் லெவன் அணியின் கேப்டன். வறண்டு கிடக்கும் கண்மாய்க்குள் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கும் டென்னிஸ் பந்து லீக்கில் அதுவும் ஒரு அணி. ஆடுகிறவர்கள் எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள், தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு பந்து போடுகிறவர்கள். ஆனால் பேட்டிங் வரிசை என்று வந்துவிட்டால் போதும், பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்த அண்ணன் தம்பிகள் இவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும்.

சாமிக்குக் காளிராஜைவிடப் பத்து வயது குறைவு. ஞாயிற்றுக்கிழமை அம்பயர். மற்ற நாட்களில் கண்மாய்க்கரைப் பிள்ளையார் கோயிலில் இருப்பார். அதிகம் பேசமாட்டார்.

பங்காளி மேல் கேஸ் போடட்டுமா என்று கேட்டு வந்தவனுக்கு ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். அவுட். அவன் கேஸ் போடவில்லை.

மாமியார் பேசிய பேச்சையெல்லாம் சொல்லி அழுதவளுக்கு இரண்டு கைகளையும் அகல விரித்தார். வைட் பந்து. தொடாமல் விட்டுவிட வேண்டியதுதான். அழுதவள் சிரித்துவிட்டாள்.

அன்றிலிருந்துதான் அம்பயர், அம்பயர் சாமி ஆனார்.

"டீம்ல எத்தனை பேரு அண்ணாச்சி?" என்று கேட்டார் சாமி.

"பதினோரு பேரு."

சாமி வலது கையை மடக்கி, விரல் நுனியால் தன் தோளைத் தொட்டார்.

காளிராஜுக்கு அந்தச் சைகை தெரியும். ஓடுகிறவன் கோட்டைத் தொடாமல் பாதியில் திரும்பிவிட்டால் அம்பயர் அப்படிக் காட்டுவார். ஓடிய கணக்கில் ஒன்று குறைகிறது.

"ஒண்ணு குறையுதா சாமி?"

சாமி அடுத்த கடலையை எடுத்தார்.

*

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் காளிராஜ் யோசித்தான். என்ன குறைகிறது?

ஆள் குறைகிறது. நின்று அடிக்கிற ஆள்.

பக்கத்து ஊரில் ஜெபராஜ் என்று ஒருவன் இருந்தான். அடித்தால் பந்து கரையைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் விழும். அவனைப் பேசி முடித்தான் காளிராஜ். ஒருவன் உள்ளே வந்தால் ஒருவன் வெளியே போக வேண்டும்.

போக வேண்டியவன் தங்கமாரி.

காளிராஜும் தங்கமாரியும் ஒரே தெரு. அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து இருவரும்தான் ஓப்பனிங். சிக்ஸர் அடித்துப் பேர் வாங்கியவர்கள் இல்லை. தட்டிவிட்டு ஓடியே எதிர் அணியைக் கிறுக்குப் பிடிக்க வைத்தவர்கள். "வா மாப்ள!" என்று தங்கமாரி குரல் கொடுத்தால், பந்து எங்கே போனது என்றுகூடப் பார்க்காமல் காளிராஜ் ஓடுவான்.

அப்புறம் தங்கமாரியின் முட்டி போனது. போன வருடம் இறுதி ஆட்டத்தில் அவன் கூப்பிட்டான், பாதி தூரத்தில் முட்டி மடங்கி அவனே உட்கார்ந்துவிட்டான். காளிராஜ் ரன் அவுட். கோப்பையும் போனது.

அதற்கப்புறம் கேப்டனான காளிராஜ், தங்கமாரியைக் கடைசி ஆளாக இறக்கினான். நேரில் சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் வரிசையைப் போட்டுவிட்டு, செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

தங்கமாரி ஒன்றும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டான். மற்றவர்களும், இருபது வருடச் சேக்காளிக்கே இந்தக் கதி என்றால் நமக்கு எப்போதோ என்று தள்ளியே நின்றார்கள். காளிராஜ் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். ஆட்டம் முடிந்து எல்லாரும் கும்பலாக பரோட்டா சாப்பிடப் போவார்கள். அவன் ஸ்டம்புகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போவான். கேப்டன் என்று பேர்தான். ஊரில் அவனைப்போல் ஆளில்லாமல் கிடந்தவன் அந்த வருடம் யாரும் இல்லை.

இந்தச் சனிக்கிழமையும் குரூப்பில் வரிசையைப் போட்டான். ஓப்பனிங் காளிராஜ், ஜெபராஜ். தங்கமாரி பேர் எங்கும் இல்லை.

எல்லாரும் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடுகள் விழுந்தன. ஒருவரும் பதில் போடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு கட்டை விரல் வந்தது. தங்கமாரி போட்டது.

அந்தக் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தான் காளிராஜ். அவன் பெண்டாட்டி ஆற்றி வைத்த காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

*

ஞாயிறு காலையில் முதல் ஆளாகக் கோயிலுக்குப் போய் நின்றான்.

"குறைஞ்ச ஆளைச் சேத்துட்டேன் சாமி."

சாமி தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டிருந்தார்.

"யாரைத் தூக்குனீங்க?"

"தங்கமாரியை."

"அவருகிட்ட சொல்லிட்டீங்களா?"

"குரூப்புல போட்டேன்."

"அப்ப யாருகிட்ட சொன்னீங்க?"

"எல்லாருகிட்டயும்தான்."

சாமி விரல் நுனியால் தோளைத் தொட்டார்.

காளிராஜுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எத்தனை பேரைத்தான் சாமி சேக்கச் சொல்றீங்க? கிரிக்கெட்டுக்குப் பதினோரு பேருதான்."

சாமி கண்மாய்க்குள் இறங்கி நடந்தார்.

*

எதிர் அணி ரைஸ்மில்காரர்கள். ஜெயித்தால் அரையிறுதி. அவர்கள் முதலில் ஆடி முடித்தார்கள்.

ஜெபராஜ் வந்தான். இரண்டு பந்தைக் கருவேலங்காட்டுக்குள் அனுப்பினான். மூன்றாவது பந்தில் ஸ்டம்பைப் பறிகொடுத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டான்.

அடுத்து வந்தவன் காளிராஜின் முகத்தைப் பார்த்தே ஓடினான். ஓடலாமா என்று கேட்கப் பயம். கேட்காமல் ஓடி ரன் அவுட் ஆனான். அதற்கடுத்தவன் காளிராஜ் கூப்பிட்டும் நகரவில்லை. இப்படி ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொருவராகப் போனார்கள். போகும்போது ஒருவனும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காளிராஜ் மட்டும் அவுட் ஆகவில்லை. முதல் ஆளாக இறங்கியவன் கடைசி ஆளாக நின்றான்.

ஊர் லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. பத்துப் பேரும் போய்விட்டாலும் மிஞ்சுகிறவன் ஒத்தையில் ஆடலாம். ஆனால் ஒத்தையாக நிற்கிறவனுக்கு ஒத்த ரன் செல்லாது. எதிர் முனையில் ஆள் கிடையாதே. போன கால் திரும்பி வரவேண்டும். ரெண்டு ரெண்டாகத்தான் ஓடவேண்டும்.

காளிராஜ் ஓடினான். போனான், வந்தான். போனான், வந்தான். நாக்கு வறண்டது. இந்தக் கண்மாயில் இத்தனை வருடம் ஆடியும் அது இவ்வளவு பெரிசு என்று அவனுக்குத் தெரிந்ததில்லை. அழுகை வரும்போல் இருந்தது. வெயில் கண்ணில் பட்டதாகப் பாவனை செய்து துடைத்துக்கொண்டான்.

கடைசிப் பந்து. ரன் சமம். இன்னும் ஒன்று வந்தால் ஜெயம். ஆனால் அந்த ஒன்றுக்கு ரெண்டு ஓடவேண்டும்.

பந்து வந்தது. காளிராஜ் லேசாகத் தட்டினான்.

"வா மாப்ள!"

யார் குரல், எங்கிருந்து வந்தது என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. கால்தான் முதலில் கேட்டது. பறந்தான். கோட்டைத் தாண்டி பேட்டை வைத்தான். ஜெயித்தாயிற்று. பேட்டை உயர்த்திக்கொண்டு சிரித்தபடி திரும்பினான். எதிர் முனையிலிருந்து ஒருவன் வந்து முதுகில் ஓங்கி அறைவான், அதற்குத் தோதாகக் கொஞ்சம் குனியவும் செய்தான்.

எதிர் முனையில் யாருமில்லை.

ரைஸ்மில் கீப்பர் நிதானமாகப் பந்தை வாங்கி ஸ்டம்பைத் தட்டினார். ஒருவரும் கத்தவில்லை. பாவம் என்று நினைத்தார்களோ என்னவோ.

காளிராஜ் சாமியைப் பார்த்தான்.

சாமி விரல் நுனியால் தோளைத் தொட்டார்.

அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான் காளிராஜ். பிறகு பேட்டை அங்கேயே போட்டுவிட்டுக் கரையைப் பார்த்து நடந்தான்.

*

கரையில் வேப்பமரத்தடியில் தங்கமாரி உட்கார்ந்திருந்தான். பேர் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனுக்கு வேறு எங்கே போகத் தெரியும்? காளிராஜ் வருவதைப் பார்த்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தான்.

காளிராஜ் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தான். தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது.

"நீதான கூப்பிட்ட?"

தங்கமாரி தரையைப் பார்த்தான். "வாய் தவறி வந்துருச்சு."

"கூறு கெட்டவனே. ஒத்தையில நிக்கிறவனைப் போயி ஒரு ரன்னுக்குக் கூப்பிடலாமா?"

"எதிர்ல நான் நிக்கிறதா நெனச்சுக் கூப்பிட்டுட்டேன் மாப்ள."

காளிராஜ் அவன் முட்டியில் கையை வைத்தான்.

"நானும் அப்படி நெனச்சுத்தான்ல ஓடுனேன்."