கடலில் போட்டாலும் அழியாத எழுத்து

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஆவுடையப்பன் பேச ஆரம்பித்தால், எதிரே நிற்பவர் வாய் திறக்க வழியில்லை. அவர் கடைக்கு ஒருநாள் பேச்சித்தாய் வந்தாள். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு விற்பவள். லேபிளில் தேதி கலைந்துபோகிறது என்று கடைக்காரர்கள் அவள் பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"லேபிள் அடிக்க பிரிண்டர் வேணும் அண்ணாச்சி. ஈரம் பட்டா எழுத்து கலையக் கூடாது."

ஆவுடையப்பன் நெடுநாளாக விலைபோகாமல் கிடந்த இங்க் பிரிண்டரைத் தட்டிக் காட்டினார். "இதுல அடிச்சா கடல்ல போட்டாலும் அழியாது. மாவாட்டுற உனக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்? பேசாம வாங்கிட்டுப் போ."

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி! இப்பச் சொன்னதையே அதுல அடிச்சு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நம்பி வாங்கிக்கிடுதேன்."

அவரும் பெருமையாக லேபிளில் அடித்து, பேனாவால் கையெழுத்தும் போட்டார். பேச்சித்தாய் பையிலிருந்து மாவு பாக்கெட்டை எடுத்தாள். ஃபிரிட்ஜிலிருந்து நேரே கொண்டுவந்தது. அதில் லேபிளை ஒட்டி மேஜைமேல் வைத்தாள்.

மத்தியான வெக்கையில் பாக்கெட் வியர்த்தது. கடைக்கு வந்திருந்த மற்றவர்களும் எட்டிப் பார்க்க, 'அழியாது' என்ற வார்த்தை கறுப்பாகக் கரைந்து மேஜையில் ஓடியது. அண்ணாச்சியின் பால்பாயிண்ட் கையெழுத்து மட்டும் அசையாமல் நின்றது.

"உங்க கையெழுத்து நல்லா நிக்குதே அண்ணாச்சி! பாக்கெட்டுக்குப் பாக்கெட் நீங்களே எழுதித் தாரீகளா, இல்ல வேற பிரிண்டர் காட்டுதீகளா?"

ஆவுடையப்பன் உள்ளே போய், ஈரத்துக்குக் கலையாத லேசர் பிரிண்டரை இரண்டு கையாலும் ஏந்தி வந்து அவள் முன்னால் வைத்தார்.