கதவின் உள்பக்கம்

“வண்டியில ஒரு கீறல்கூட விடலைங்க மேஜரம்மா. அதுதான் தப்பாப் போச்சு.”

பல் டாக்டர் சிற்றம்பலம் இப்படிச் சொன்னபோது மேஜர் எஸ்தர் ஒரு பழைய ராணுவ லாரிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே கால் இரண்டும்தான் தெரிந்தன.

“கீறல் இல்லேன்னா சந்தோஷம்தானே டாக்டர்?”

“சந்தோஷமா இருந்தா கோயமுத்தூர்லேருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் காரை ஓட்டிக்கிட்டு வருவேனுங்களா?”

கால்கள் அசையவில்லை.

சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு நாய், இன்னும் சிலருக்கு லாரி. அதுவும் சாதாரண லாரி இல்லை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மலையும் சேறும் ஏறும், பட்டாளத்தில் உழைத்து ஓய்ந்த பிறகு ஏலத்தில் கழித்துவிடும் லாரி. இரும்புக் கடைக்குப் போக வேண்டியதை வாங்கி வந்து, வருஷக்கணக்கில் குடைந்து, மறுபடி ஓட வைத்துப் பார்ப்பதில் இவர்களுக்கு ஒரு ஆனந்தம். வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் இதற்கு வேறு பெயர் சொல்வார்கள், அதை இங்கே எழுத முடியாது.

அந்தக் கூட்டத்துக்கு மேஜரம்மாதான் குரு. பட்டாளத்தில் வண்டிகளைப் பார்க்கும் பிரிவில் அதிகாரியாக இருந்து வெளியே வந்தவர். டாக்டரைவிடப் பதினைந்து வயது சின்னவர். வித்தைக்கு வயசா பார்க்க முடியும்?

அவர் சிஷ்யர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம் எல்லோருக்கும் எரிச்சலைத் தரும். வண்டி வாங்கியவன் முதல் ஒரு மாதம் எதையும் தொடக் கூடாது. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் போய் உட்கார வேண்டும். எங்கே ஒடுங்கியிருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது, யார் என்ன கிறுக்கியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஸ்பேனர்.

சிற்றம்பலம் தான் ஏலத்தில் எடுத்த லாரியில் இரண்டே நாள் உட்கார்ந்தார். அதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய குடியரசு தினக் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாகச் சொத்தையைக் கண்டால் சுரண்டிப் பழகிய கை, அது சும்மா இருக்குமா?

“சொல்லுங்க” என்றது லாரிக்கு அடியிலிருந்து குரல்.

“பேப்பர்ல என் வண்டி போட்டோ வந்துச்சுங்களே, அதைப் பார்த்துட்டு ஒரு பொண்ணு கிளினிக்குக்கு வந்துச்சு. வேலூர்ப் பக்கம். நாப்பது வயசு இருக்கும். பல்லு வலின்னு நெனச்சுச் சேர்ல உக்காருங்கன்னேன். ‘பல்லுக்கு இல்ல சார், லாரிக்கு வந்தேன்’னு சொல்லுச்சு.”

“ம்.”

“அவங்கப்பா அந்த வண்டியோட டிரைவரா இருந்தவராம். இந்தப் பொண்ணு பொறந்த சேதி தந்தியில போயிருக்கு. லீவு கிடைக்கலை. அன்னிக்கே ஒரு பேரு யோசிச்சு, டிரைவர் பக்கத்துக் கதவுல உள்பக்கமா ஆணியால கீறி வெச்சிருக்காரு. கூட இருந்தவங்க ‘யார் பேருடா’ன்னு கேட்டதுக்கு, ‘எம் பொண்ணு பேரு. ஊருக்குப் போய் அவ காதுல நான் சொல்றதுக்கு முந்தி உங்க வாயில வரக் கூடாது’ன்னு கையால மூடிக்கிட்டாராம்.”

“ஊருக்குப் போனாரா?”

“இல்லீங்க. ரோட்டுல பனி தள்ளிக்கிட்டு இருந்தப்போ மலைப்பனி சரிஞ்சு அவர் மேல விழுந்திருச்சு.”

லாரிக்கு அடியில் இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“கூட வேலை பார்த்தவரு ஒருத்தரு போன மாசம்தான் இந்தப் பொண்ணைத் தேடிப் பிடிச்சுச் சொல்லியிருக்காரு. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, என்ன பேருன்னு தெரியலை. ஆனா வண்டி நம்பரு மட்டும் ஞாபகம் இருந்திருக்கு. பட்டாளத்து நம்பரை நான் அப்படியே வெச்சிருந்தேன் பாருங்க, அதை வெச்சுக் கண்டுபிடிச்சு வந்துருச்சு.”

“கதவுல என்ன இருந்துச்சு?”

டாக்டர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“என்னமோ இருந்துச்சுங்க. எவனோ வேலை வெட்டி இல்லாதவன் கிறுக்கியிருக்கான்னு நெனச்சேன். கிரைண்டரைப் போட்டு நானேதான் இரும்பு தெரியற வரைக்கும் தேய்ச்சேன். ஆளுங்ககிட்டக்கூட விடலை.”

“படிச்சீங்களா?”

“இல்லீங்க.”

மேஜரம்மா லாரிக்கு அடியிலிருந்து சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். கன்னத்தில் கிரீஸ். எழுந்து உட்கார்ந்து டாக்டரைப் பார்த்தார்.

“அந்த இடத்துல பெயின்ட் எப்படி இருந்துச்சு?”

“அது வேற அரைகுறை வேலைங்க. கதவு முழுக்க அஞ்சாறு தடவை பச்சை அடிச்சிருக்கு. அந்தக் கிறுக்கல் இருந்த இடத்துல மட்டும் கையகலம் விட்டுட்டு, சுத்தி வளைச்சு வளைச்சு அடிச்சிருந்தானுங்க. சோம்பேறிப் பசங்கன்னு திட்டிக்கிட்டேதான் தேய்ச்சேன்.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. எத்தனை டிரைவர்கள் அந்த வண்டிக்கு மாறி மாறி வந்திருப்பார்கள்? தமிழே தெரியாதவன்கூடப் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, இதை மறைக்கக் கூடாது என்று தாண்டிப் போயிருக்கிறான். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருத்தனிடம் வண்டி வந்து சேர்ந்தது. அவன் கிரைண்டரை எடுத்தான்.

“பாவி மேஜரம்மா நான்” என்றார்.

மேஜரம்மா இல்லை என்று சொல்லவில்லை.

“அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?”

“உண்மையைச் சொல்ல வாய் வரலைங்க. கதவைக் கழட்டி வேலைக்குக் குடுத்திருக்கேன், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன். இப்ப என் மானமே உங்க கையிலதான் இருக்கு.”

“என் கையிலயா?”

“நேத்து அடிச்ச பெயின்ட்டை நாப்பது வருஷப் பெயின்ட்டாக் காட்டுறதுக்கு உங்களை விட்டா யாருங்க? நல்லதா ஒரு பேரு எழுதி, பழசாக்கிக் குடுத்துருங்க. அதுக்கும் மனசு நெறைஞ்சிரும். யாருக்கு என்ன நஷ்டம்?”

மேஜரம்மா கையைத் துடைத்துக்கொண்டார். போய் ஒரு டப்பாவிலிருந்து மூன்றங்குல ஆணி ஒன்றை எடுத்துவந்து டாக்டரிடம் நீட்டினார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பழைய கதவைக் காட்டினார்.

“இதுல எழுதிப் பழகுங்க. உங்க கை எழுதணும். பழசாக்குறது என் பொறுப்பு.”

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஆணியை வைத்தார்.

“என்ன பேருங்க எழுதலாம்?”

“உங்களுக்குத்தானே பேரு வேணும். யோசிங்க.”

டாக்டர் யோசித்தார். அந்தக் காலத்துப் பட்டாளத்துக்காரன் பெண் குழந்தைக்கு என்ன பேர் வைத்திருப்பான்? சாமி பேரா, தலைவர் மகள் பேரா, பக்கத்து முகாமில் கேட்ட வடக்கத்திப் பேரா? ஒன்றைக் கிறுக்கிப் பார்த்தார், பிடிக்கவில்லை. இன்னொன்றுக்கு முதல் எழுத்தைத் தொடங்கினார்.

“அவங்களுக்கு இப்ப இருக்கிற பேரு என்ன?” என்று கேட்டார் மேஜரம்மா.

“எதுக்குங்க?”

“தெரியாம அதையே நீங்க எழுதி வெச்சுட்டா?”

ஆணி நின்றது.

“அது… கேக்கலைங்க.”

“ரொம்ப நேரம் பேசினீங்களா?”

“அரை மணி நேரம் உக்கார வெச்சு, காபி வாங்கிக் குடுத்துப் பேசினேனுங்க.”

“எதைப் பத்தி?”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வண்டியைப் பத்தி. எங்கே ஏலம் எடுத்தேன், எஞ்சினை எப்படிப் பிரிச்சேன், பெயின்ட்டுக்கு எப்படி அலைஞ்சேன்னு…”

மேஜரம்மா அவர் கையிலிருந்து ஆணியை வாங்கி டப்பாவில் போட்டு மூடினார். திரும்பிப் போய் லாரிக்கு அடியில் படுத்துவிட்டார்.

“மேஜரம்மா! எழுதலாமா, வேண்டாமா? ஒண்ணும் சொல்லாமப் போறீங்களே!”

“அந்தப் பெரிய ஸ்பேனரை எடுத்து இங்கே தள்ளுங்க. ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணோட பேரைக் கேளுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.”

டாக்டர் ஸ்பேனரைத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனார்.

சும்மா போனார் என்று நினைக்க வேண்டாம். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, சொந்தமாக ஒரு ஆணி வாங்கிக்கொண்டுதான் போனார். மனுஷ மனசு அப்படித்தானே! அந்த வாரம் முழுக்க மத்தியானச் சோற்றுக்கு வரும்போதெல்லாம் வீட்டு ஷெட்டுக்குப் போய் லாரியின் கதவைத் திறப்பார். உள்பக்கம் கண்ணாடிபோல மின்னும். ஆணியை வைப்பார், எடுத்துவிடுவார். முதலில், இவ்வளவு அருமையான பெயின்ட்டில் கீறுவதா என்று கை தயங்கியது. அதைத் தானே கண்டுகொண்டபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து முள்ளுக் கத்திரிக்காய் எடுத்து டாக்டரின் மனைவியிடம் கொடுத்தாள். “எங்க ஊர்க் காய்ங்கம்மா. எண்ணெய்யில வதக்குனா நெய் மாதிரி இருக்கும்.”

பிறகு பையிலிருந்து சுருட்டி வைத்த வெள்ளைத்தாளையும் ஒரு பென்சிலையும் எடுத்தாள்.

“இது எதுக்கும்மா?” என்றார் டாக்டர்.

“எழுத்து மேல தாளை வெச்சுத் தேய்ச்சா அப்படியே வந்துரும் சார். சின்னப் புள்ளைங்க காசு வெச்சுத் தேய்க்குமே, அது மாதிரி. கதவை நான் கேக்க முடியுமா? தாள்ல எடுத்துக்கினு போய் மாட்டிக்கலாம்னு.”

டாக்டரின் சட்டைப் பையில் ஆணி குத்திக்கொண்டிருந்தது.

ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பார்த்தாள். பச்சை நிறத்தில் அவள் முகம்தான் தெரிந்தது.

“வேற கதவா சார்?”

“இதே கதவுதாம்மா. நான் அழிச்சுட்டேன். என்னன்னு பார்க்காமத் தேய்ச்சுட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும், தைரியம் வரலை.”

அவள் திட்டுவாள் என்று நின்றார். திட்டியிருந்தால் தேவலாம். அவள் கையை நீட்டி, “எந்த இடத்துல சார்?” என்று மட்டும் கேட்டாள்.

காட்டினார். அவள் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

“ஒரு எழுத்தாச்சும் ஞாபகம் இருக்கா?”

“இல்லம்மா. நான் படிக்கவே இல்லை.”

“நீளமா இருந்துச்சா, சின்னப் பேரா?”

டாக்டர் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். கிரைண்டரின் சத்தமும் பறந்த தூசியும்தான் ஞாபகத்தில் இருந்தன. தெரியவில்லை என்று தலையை ஆட்டினார்.

அவள் தாளைச் சுருட்டத் தொடங்கினாள். அதற்கு ரப்பர் வளையம் போட வரவில்லை. டாக்டர் வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

அப்போதுதான் மேஜரம்மா கேட்கச் சொன்னதைக் கேட்டார்.

“உங்க பேரு என்னம்மா?”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எங்கம்மாவுக்கு நான் நாலாவது பொண்ணு சார். அப்பா செத்த சேதியும் நான் பொறந்த மாசமே வந்துச்சு. வீட்ல இருந்தவங்க ஒரு பேரு வெச்சுட்டாங்க. பள்ளிக்கூடத்துல, ரேஷன் கார்டுல, கல்யாணப் பத்திரிகையில, எல்லாத்துலயும் அதான்.”

“என்ன பேரும்மா வெச்சாங்க?”

“போதும்பொண்ணு” என்றாள். “எனக்கு இன்னொரு பேரு இருக்குதுன்னு சொன்னாங்க சார். அதான் வந்தேன்.”