செங்கமலம் என்று கூப்பிட்ட குற்றம்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் கண் இரண்டும் அவிந்து போகட்டும்! அத்தனையும் சத்தியம்.

ரொம்ப காலத்துக்கு முன்னே ஆனைமேட்டுச் சீமையை வல்லபராயன் என்று ஒரு ராசா ஆண்டான். செத்துப்போன தன் தாயின் பேரையே மகளுக்கு வைத்தான். செங்கமலம், செந்தாமரை என்று அர்த்தம். மாமியார் பேரை வாயால் சொல்லக் கூடாதே என்று ராணி பிள்ளையைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிட்டாள்.

மந்திரி பதவிமேல் கண்வைத்திருந்த திருமேனிநாதர் ராசா காதில் ஓதினார்: "மகாராசா, உப்பு விற்கிற வெள்ளச்சியின் மகளுக்கும் இதே பேர். உங்கள் தாயார் பேரைச் சொல்லி, 'அடி மூதேவி' என்று அவள் திட்டலாமா?"

அன்றைக்கே தண்டோரா போட்டார்கள். ராசா தவிர யார் அந்தப் பேரைச் சொன்னாலும் நாக்கு அறுபடும்.

ஒரு வருசம் போனது. குளத்தங்கரையில் வெள்ளச்சியின் மகள் வழுக்கி விழப்போனாள். பதறிப்போன வெள்ளச்சி பேரைச் சொல்லிக் கத்திவிட்டாள். திருமேனிநாதர் தாயையும் மகளையும் சபைக்கு இழுத்துவந்தார்.

மந்திரி கூத்தபிரான் கேட்டார். "குற்றம் என்ன?"

"தடைசெய்த பேரைச் சொன்னாள்."

"எந்தப் பேர்? சபையில் சொல்லாமல் தண்டிக்க முடியாதே."

திருமேனிநாதருக்கு வியர்த்தது. புருசன் பேரைச் சொல்லாத பெண்டாட்டி மாதிரி சாடை காட்டினார்.

"குளத்தில் பூக்கும், ஐயா!"

"அல்லியா?"

"இல்லை. லட்சுமி அதில்தான் உட்கார்ந்திருப்பாள்!"

"ஊஞ்சலா?"

சபை குலுங்கியது. ராசாவே தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"வெட்கப்படாதீர்கள் அம்மணி, சொல்லுங்கள்" என்றார் மந்திரி.

"செங்கமலம்! செங்கமலம்! போதுமா?"

மந்திரி ராசா பக்கம் திரும்பினார்.

"மகாராசா, இவள் சொன்னது ஒரு தடவை. ஐயா இரண்டு தடவை. எந்த நாக்கை முதலில் அறுப்பது?"

ராசாவுக்கு ஒரே குஷி. திருமேனிநாதரின் தலைப்பாகை பறிபோனது, மந்திரி கழுத்தில் முத்துமாலை விழுந்தது. "சட்டம் ரத்து! உப்புக்காரி, மகளை இனி வாய்நிறையக் கூப்பிட்டுக்கொள்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

வெள்ளச்சி திரும்பினாள். "செங்கமலம், வா தாயி."

பிள்ளை ஓடிவந்து இரண்டு கையாலும் தாயின் வாயைப் பொத்தியது. "சொல்லாதேம்மா... அறுத்துருவாங்க."

எத்தனை சொல்லியும் அந்தக் கை இறங்கவில்லை. மந்திரியால்கூட அதற்கு ஒரு தந்திரம் சொல்ல முடியவில்லை.

கேட்டீர்களா? கேட்டதோடு சரி. நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். வல்லபராயன் வம்சத்தார் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு இருப்பது ஒரே நாக்கு.