அழுங்கின் தகுதி இலை

மூங்கில் காட்டுப் பள்ளத்தில் ஓர் அழுங்கு, அதாவது உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னி, வாழ்ந்துவந்தாள். பெயர் செதிலி. அழுங்குக்குக் கறையானும் எறும்பும்தான் சாப்பாடு. மற்ற அழுங்குகள் புற்றைக் கிளறும், தின்னும், போய்விடும். செதிலி அப்படியில்லை. தின்பதற்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பாள். கறையான் எந்தப் பக்கம் மண் ஏற்றுகிறது, முட்டைகளை எப்போது மேலே தூக்குகிறது என்று பார்த்துப் பார்த்தே, மழை எப்போது வரும், எவ்வளவு பெய்யும் என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். படிப்பு என்றால் அதுதான் படிப்பு.

அவளுக்கு ஒரே பிள்ளை, சுருளி. ஈர வளையிலேயே பிறந்தவன். போன மழைக்காலத்தில் வந்த இழுப்பு அவனை விடவே இல்லை. இன்னொரு மழைக்காலம் அந்த வளையில் கிடந்தால் பிள்ளை தாங்க மாட்டான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். மேட்டில் போய் வளை தோண்டலாம் என்றால் அங்கே எல்லாம் பாறை, நகம் இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் மேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து அறிவிப்பு வந்தது.

“மழைக்குறி சொல்லித்தர ஆசிரியர் வேண்டும். வேலைக்கு வருபவர் தங்கக் காய்ந்த குகை உண்டு. தகுதி இலை அனுப்பவும்.”

தகுதி இலை என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. என்ன படித்தோம், என்ன கண்டுபிடித்தோம், என்ன செய்தோம் என்று இலையில் போட்டுக் கொடுப்பதுதான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆளைக் கூப்பிட்டுப் பேச மாட்டார்கள். முன்பு ஒரு நரி வந்து வாயாலேயே பந்தல் போட்டு வேலையை வாங்கிவிட்டு, பாடம் நடத்தச் சொன்னால் திருதிருவென்று விழித்ததாம். அன்றிலிருந்து இலையில் இருப்பது மட்டும்தான் கணக்கு.

செதிலி நேராக மரங்கொத்தியிடம் போனாள். செங்கொண்டையார் என்று பெயர். காட்டில் அச்சு வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. பலாக்கட்டையில் ஒவ்வோர் எழுத்தாகக் கொத்தி வைத்திருப்பார். அவற்றை வரிசையாகக் கோத்து, நாவல்பழச் சாறு தடவி, தேக்கிலையில் அழுத்தி எடுப்பார். எழுத்து ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும்.

“அண்ணே, எனக்கு ஒரு தகுதி இலை வேணும். நல்லா இருக்கணும்.”

“நம்ம மரத்துல இருந்து மோசமான இலை எப்பம்மா போயிருக்கு? எந்த எழுத்துல போடட்டும்? பாத்துச் சொல்லு” என்று கட்டைகளை எடுத்துப் பரப்பினார்.

அங்கே பிடித்தது வினை. முதல் நாள் ஒல்லி எழுத்து பிடித்தது. மறுநாள், அது அடக்கமாக இல்லை என்று தோன்றியது. உருண்டை எழுத்துக்கு மாறினாள். பிறகு வரிக்கும் வரிக்கும் இடைவெளி போதவில்லை என்றாள். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வெற்றிடம் விடச் சொன்னாள். செங்கொண்டையாரும் சளைக்காமல் கலைத்துக் கலைத்துக் கோத்தார். வளையில் பிள்ளை இருமிக்கொண்டிருந்தான். அம்மாவோ மரத்தடியே கதி என்று கிடந்தாள்.

உச்சியில் அவள் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் வைத்தார் மரங்கொத்தி. “செதிலி.” இலையின் அகலம் முழுக்க அந்தப் பெயர். அதைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாவம், அதுவரை அவள் பெயரை யாரும் எங்கேயும் எழுதியதே இல்லை.

எல்லாம் கோத்து முடித்துப் பார்த்தால், கடைசி வரி ஒன்று இலைக்குள் அடங்கவில்லை.

அது இதுதான்: “போன ஆண்டுப் பெருவெள்ளத்துக்கு முந்தைய இரவு, பள்ளத்தில் இருந்தவர்களை எழுப்பி மேட்டுக்கு ஏற்றினேன்.”

“ரெண்டாவது இலை வைக்கலாம். ஆனா அதுல ஒத்தை வரி தனியா நிக்கும். பாக்கச் சகிக்காது” என்றார் செங்கொண்டையார்.

“எழுத்தைச் சின்னதாக்கினா?”

“சுழியெல்லாம் மை அடைச்சுக்கும். ஒண்ணு செய்யலாம். மேல உன் பேரைக் கொஞ்சம் சிறிசாக்கினா இந்த வரிக்கு இடம் கிடைச்சுடும்.”

செதிலி தன் பெயரைப் பார்த்தாள். கீழே தொங்கிய வரியையும் பார்த்தாள்.

“பேரு அப்படியே இருக்கட்டும் அண்ணே. அந்த வரியை எடுத்துடுங்க. அது என்ன படிப்பா? ராத்திரியில ஓடி ஓடிக் கத்தினேன், அவ்வளவுதானே. மத்ததெல்லாம் ஆராய்ச்சி.”

“உன் இஷ்டம்மா” என்று அந்த எழுத்துகளை உருவி எடுத்துவிட்டார். அவருக்கு அழகாக அச்சடிக்கத் தெரியும், எந்த வரி உயிரானது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இலை போனது. ஐப்பசி பிறந்தது. மேட்டிலிருந்து ஒரு பதிலும் இல்லை. மனசு கேட்காமல் செதிலியே மேடேறிப் போனாள். பள்ளிக்கூடத்துத் தலைவரான கடமான் வாசலிலேயே நின்றிருந்தார்.

“ஐயா, மழைக்குறி ஆசிரியர் வேலை...”

“அது முடிஞ்சுபோச்சேம்மா. பெருச்சாளிக்குக் கொடுத்தாச்சு. நேத்தே குட்டிகளோட குகைக்குக் குடிவந்துட்டா. நீ யாரு?”

“செதிலி.”

“அடடே, அந்த இலை உன்னுதா! அப்படி ஓர் இலையை நாங்க பாத்ததே இல்லம்மா. ஆளாளுக்குக் கையில வாங்கி வாங்கிப் பாத்தோம். சுவத்துல மாட்டி வெச்சிருக்கோம்.”

“அப்புறம் ஏன்யா எனக்குக் கிடைக்கல?”

கடமான் பெருமூச்சு விட்டார். “சொல்றேன் கேளு. போன வருஷ வெள்ளத்துல யாரோ ஒரு புண்ணியவதி இருட்டுல பள்ளமெல்லாம் ஓடி எல்லாரையும் எழுப்பி விட்டாளாம். என் தங்கச்சி குடும்பமே அதனாலதான் பிழைச்சுது. அந்தக் கும்மிருட்டுல முகத்தை யாரும் பாக்கல. அவதான் இந்த வேலைக்கு ஆளுன்னு எல்லாரும் ஒருமனசா இருந்தோம். ஒவ்வோர் இலையா தேடினோம். ஒருத்தர் இலையிலயும் இல்ல. பெருச்சாளி மண்ணைக் குழைச்சுக் கிறுக்கி அனுப்பியிருந்தா. ஒரு தடவை மழை வரும்னு சொன்னேன், வந்துச்சுன்னு எழுதியிருந்தா. செஞ்சதைச் சொன்னது அவ ஒருத்திதான். சரின்னு கொடுத்துட்டோம்.”

செதிலி ஓரடி முன்னால் வந்தாள்.

“ஐயா... அது நான்தான்.”

கடமான் அவளையே பார்த்தார். “இலையில எழுதலியேம்மா.”

“எழுதினேன். அச்சுல கோத்தும் வெச்சாச்சு. இலைக்குள்ள அடங்கலன்னு எடுத்துட்டேன்.”

“அதை எடுத்துட்டு எதை விட்டுவெச்ச?”

செதிலி நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே சுவரில் மாட்டியிருந்த இலையில், வாசலில் இருந்தே படிக்கிற அளவுக்கு அவள் பெயர் பெரிதாகத் தெரிந்தது.

கடமானுக்கும் கண் கலங்கியது. ஆனால் குட்டிகளோடு குடிவந்தவளை மழை நேரத்தில் எப்படிக் கிளப்புவது? கிளப்பச் சொல்லிக் கேட்க செதிலிக்கும் வாய் வரவில்லை.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. அடைமழை. எவ்வளவு பெய்யும் என்று அவளுக்கு முன்பே தெரியும், தெரிந்து என்ன செய்ய? வளைக்குள் நீர் ஊறியது. பிள்ளையை வயிற்றோடு அணைத்துச் சுருண்டுகொண்டாள். விஷயம் கேள்விப்பட்டுப் பெருச்சாளி நனைந்துகொண்டே ஓடி வந்தாள். “அக்கா, முன்னாடியே சொல்லக் கூடாதா? பிள்ளையைத் தூக்கிட்டு வாங்க, குகையில ஒரு மூலை இருக்கு” என்றாள். அதற்குள் சுருளியின் இழுப்பு நின்றுவிட்டது. மூச்சும் சேர்ந்து நின்றுவிட்டது.

பிறகு செதிலி யாரையும் குறை சொல்லவில்லை. செங்கொண்டையாரைக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாராவது இலை அச்சடிக்கப் போனால் மட்டும், “எதை எடுக்கச் சொன்னாலும் யோசிச்சு எடுங்க” என்பாள்.

நம்மை அழகாகக் காட்டிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அந்த அழகுக்கு இடம் பண்ணுவதற்காக நாம் செய்த நல்லதையே வெட்டிப் போட்டால், கடைசியில் அழகு மட்டும்தான் மிஞ்சும்.