தறியில் விட்ட ஒரு சாண்

கல்லுக்கும் கட்டைக்கும் வாய் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் உலக்கை ஒன்று சொன்னால் உரல் இரண்டு சொல்லும். எலிகூட வாசலில் நின்று நியாயம் கேட்கும். எல்லாம் பேசிய காலத்தில் தறி மட்டும் சும்மா இருக்குமா? ஊரிலேயே அதிகமாகப் பேசியது தறிதான்.

செய்யாற்றங்கரையில் ஒரு நெசவாளர் தெரு. அதில் தாண்டவன் என்று ஒருவன் இருந்தான். நூலுக்குச் சாயம் போடுகிறவன். கை எப்போதும் நீலமாகவோ சிவப்பாகவோ இருக்கும். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சாயவேர் வாங்க, சந்தைக்குப் போக என்று மாதத்தில் பாதி நாள் வெளியூரில் கிடப்பான். அவன் மனைவி உண்ணாமுலை. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தெருவில் ஒருவரையும் தெரியாது, வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. மாமியார் இல்லாத வீட்டுக்குப் போனவள் கொடுத்து வைத்தவள் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் நாலு நாள் அந்த வீட்டில் தனியாக இருந்து பார்க்க வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே துணை தறி.

தறி என்றால் ஏதோ ஒற்றை ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு கூட்டுக் குடும்பம். நெய்கிறவள் காலை விட்டு உட்காரத் தரையில் ஒரு குழி. குழிக்குள் இரண்டு மிதிகள். ஒன்றை மிதித்தால் மற்றது மேலே வரும். இரண்டுக்கும் ஓரகத்திகள் மாதிரி ஓயாத சண்டை. மிதியில் கட்டிய கயிறு மேலே விழுதை இழுக்கும். விழுது என்பது நூல் கண்ணிகளின் வரிசை. நீளவாக்கில் கட்டிய பாவு நூல் இரண்டாயிரத்துச் சொச்சம் இழையும் அந்தக் கண்ணிகளுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். மிதி இழுக்கிறபோது விழுது பாதி இழையைத் தூக்கிப் பாதியைத் தாழ்த்தி நடுவில் வழி திறந்துவிடும். சாதுவான பெண்தான், ஆனால் கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடும்.

திறந்த வழியில் ஓடுகிறவன் நாடா. குறுக்கு நூலை வயிற்றில் வைத்துக்கொண்டு இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் ஓடுவான். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பிறவி. அவன் விட்டுவிட்டுப் போன நூலை நெருக்கி அடித்துத் துணியாக்குவது அச்சு. சீப்பு மாதிரிப் பல், வாத்தியார் மாதிரிக் குணம். நெய்து முடித்த துணியைச் சுற்றிக்கொள்வது படமரம். நெய்கிறவளின் வயிற்றை ஒட்டிக் கிடக்கும். சாப்பாட்டு ராமன். மற்றவர்கள் உழைக்க உழைக்க அது பருத்துக்கொண்டே போகும்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பெரிய குறை இருந்தது. பாவு நூல் தறியில் இருக்கும்வரைதான் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்து வழக்கமோ, சேலை முடிந்ததும் பாவில் ஒரு விரற்கடைகூட மிச்சம் வைக்காமல் மொத்தமாக அறுத்து எடுப்பது. தறியில் வெறும் நூல் தொங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. யார் சொன்னது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்த வீட்டைக் கை காட்டுவார்கள்.

அறுத்து எடுத்த அடுத்த நிமிஷமே தறிக்கு எல்லாம் மறந்துவிடும். நாடா, நான் யார், இங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்பான். மிதிகள் இரண்டும் ஒன்றையொன்று முன்னே பின்னே பார்த்ததில்லை என்று சாதிக்கும். அச்சு தன் பல்லையே எண்ணிப் பார்த்து இது எதற்கு என்று யோசிக்கும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து உண்ணாமுலையைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்கள்: "ஆமாம், நீ யார்?"

பழையபடி அடியைப் பிடிடா பாரத பட்டா என்று அவள் முதலிலிருந்து தொடங்குவாள். நீ நாடா, நீ ஓட வேண்டும். நீ அச்சு, நீ அடிக்க வேண்டும். நான் உண்ணாமுலை, இந்த வீட்டுக்காரி. இப்படிச் சொல்லிச் சொல்லிப் பழக்கப் பத்து நாள் ஆகும். அதன் பிறகு நெய்ய உட்கார்ந்தால் பேச்சும் சிரிப்புமாகப் பொழுது போவதே தெரியாது. அக்கா அக்கா என்று உயிரை விடுவார்கள். சேலை முடியும், அறுப்பாள், மறுபடியும் நீ யார். மாதா மாதம் இதே கதை. வேலை வீணாகிறது என்று தாண்டவன் சலித்துக்கொள்வான். அவளுக்கு வேலை பெரிதாகத் தெரியவில்லை. நேற்றுவரை அக்கா என்றவர்கள் இன்று நீ யார் என்று கேட்கிறார்களே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் அழுவாள்.

இப்படி இருக்கையில் உண்ணாமுலை முழுகாமல் இருந்தாள். ஆறாம் மாதத்தில் அவள் நெய்ய உட்கார்ந்தது தாண்டவனின் அக்கா செங்கமலத்துக்கு ஒரு சேலை. செங்கமலத்தின் மகள் பெரியவளாகியிருந்தாள், சடங்குக்குப் பதினாறு முழச் சேலை தாய்மாமன் வீட்டிலிருந்து வந்தாக வேண்டும். செங்கமலம் வாயைத் திறந்தால் தெருவே கதவைச் சாத்தும். அதனால் உண்ணாமுலை கவனமாக நெய்தாள்.

பாதிச் சேலை ஆனபோது ஒருநாள் படமரம் துள்ளியது. உண்ணாமுலையின் வயிற்றுக்குள்ளிருந்து தன்னை யாரோ உதைத்ததாகப் புகார் சொன்னது. அவள் வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னாள். அவ்வளவுதான், தறி தலைகால் புரியாமல் ஆடியது. நாடா இரண்டு இழையைத் தவறவிட்டான், அச்சு அவனைத் திட்டக்கூட மறந்துவிட்டது. அன்றிலிருந்து விழுதுக்கு வேறு பேச்சே இல்லை. பெண்ணா பிள்ளையா, தலை நிறைய முடி இருக்குமா, எங்கள் சத்தத்தில் தூங்குமா, எங்களுக்கு அது என்ன முறை வேண்டும் என்று துளைத்தெடுத்தது. சித்தி முறை என்று உண்ணாமுலை சொல்லிவைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஏழாம் மாதம் வளையல் அடுக்கினார்கள். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குத்தான் போக வேண்டும். குழந்தைக்கு மூன்று மாதம் ஆன பிறகுதான் திரும்ப முடியும். அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டான். சேலையும் முடிந்த மாதிரிதான், கடைசி ஒரு சாண் நெய்து அறுக்க வேண்டியதுதான் பாக்கி.

அரிவாளைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். இப்போது அறுத்தால் ஆறு மாதம் கழித்துப் பிள்ளையோடு வந்து நிற்கும்போது, நீ யார், இது யார் குழந்தை என்று கேட்பார்கள். சித்தி சித்தி என்று சொல்லிக்கொண்டவர்கள் கேட்பார்கள். என்ன நடக்கப்போகிறது என்று தறிக்கும் தெரியும்.

உண்ணாமுலை பதினாறு முழத்தில் ஒரு சாண் அளந்து விட்டுவிட்டு, நெய்யாத அந்த நூலைத் தறியிலேயே நிறுத்தி, சேலையை இந்தப் பக்கமாக அறுத்தாள். அந்தத் தெருவில் அப்படி அறுத்தவர்கள் அதுவரை யாருமில்லை.

தாண்டவன் பார்த்துவிட்டுக் குதித்தான். அளவு குறையுதே, அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன், தறியில் நூல் தொங்கினால் வீடு விளங்குமா என்று அடுக்கினான்.

"எனக்கு இந்த ஊர்ல வேற யாருங்க இருக்காங்க?" என்று மட்டும் உண்ணாமுலை கேட்டாள். "இந்த ஒரு சாணை நான் வர்றவரைக்கும் பார்த்துக்கங்க."

தாண்டவனுக்குக் கோபம் வந்த வேகத்தில் இறங்கியது. மாதத்தில் பாதி நாள் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறவன் அவன்தானே. தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான். வண்டி கிளம்பியது.

மனிதன் வாக்குத் தவறவில்லை. சேலையை அளந்து பார்த்த செங்கமலம் தெருவைக் கூட்டினாள், ஒரு கொசுவம் குறைகிறது என்று மூன்று தலைமுறையை இழுத்தாள். அந்த மிச்ச நூலையும் அறுத்துக் கொடு, முந்தானையில் குஞ்சமாவது கட்டிக்கொள்கிறேன் என்றாள். அவன் கொடுக்கவில்லை. எலி வந்து, சும்மா கிடக்கிற நூல்தானே, குட்டிகளுக்கு மெத்தை போடக் கொடு என்று கெஞ்சியது. தன் தோள் துண்டில் பாதியைக் கிழித்துக் கொடுத்து அனுப்பினான். அந்த ஆறு மாதமும் அவன் வெளியூரில் ஒரு நாளுக்குமேல் தங்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம் அவனைப் பயமுறுத்தியது. தறி பேசவில்லை. வாயைத் திறந்தால் மூடாத நாடா ஒரு வார்த்தை பேசவில்லை. மிதிகள் சண்டை போடவில்லை. நீ யார் என்றுகூட யாரும் கேட்கவில்லை. அவன் கொஞ்சிப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான், கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு இதைச் சொல்லி அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை.

மூன்று மாதப் பெண் குழந்தையோடு உண்ணாமுலை வந்து இறங்கினாள். ஆரத்தி எடுக்கும்போதே அவன் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். அவனால் மறைக்க முடியவில்லை.

"நீ போன நாள்லேருந்து அதுங்க பேசலை, உண்ணாமுலை. நான் நூலைத் தொடக்கூட இல்லை."

அவள் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தறிக்கு ஓடினாள். ஒரு சாண் நூல் அப்படியே இருந்தது. பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறந்திருந்தால் நீ யார் என்றாவது கேட்பார்களே. மொத்தமாக அறுக்காமல் குறையாக அறுத்து நானே கொன்றுவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். தாண்டவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அழுது முடித்தவள், செத்தவர்களுக்குச் செய்வதாக நினைத்தோ என்னவோ, ஒரு புதுப் பாவு கொண்டுவரச் சொன்னாள். விரலில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய நூலின் நுனியையும் புது நூலின் நுனியையும் சேர்த்து முறுக்கினாள். ஒன்று, இரண்டு என்று இரண்டாயிரத்துச் சொச்சம் இழை. குழந்தைக்குப் பால் கொடுத்த நேரம் போக நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் தறி வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை குழியில் காலை விட்டு உட்கார்ந்தாள். மிதித்தாள். மிதி அவள் கால் கனத்துக்குச் சரியாக இறங்கியது. விழுது ஒரு இழைகூடச் சிக்காமல் வழி திறந்தது. அவள் நாடாவை விட்டாள்.

அவளுக்கு இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. சிறு வயதில் கதவிடுக்கில் நசுங்கிய விரல். வேகமாக வரும் நாடா அதில் பட்டால் உயிர் போகும். அந்த ஒரு விரலை விட்டு ஒதுங்கி உள்ளங்கையில் வந்து உட்கார நாடாவுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் மாதா மாதம் அவள் அதிகம் பாடுபடுவாள். இன்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாடா ஓடிவந்து, சுண்டுவிரலை விட்டு ஒதுங்கி, அவள் உள்ளங்கையில் உட்கார்ந்தான்.

அவள் நாடாவை அப்படியே கைக்குள் பொத்திக்கொண்டாள். பிறகு, "தெரியுதா என்னை? தெரிஞ்சா ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்று கேட்டாள்.

விழுதுதான் மெதுவாகப் பதில் சொன்னது.

"என்னத்தைக் கேக்கறது அக்கா? உன்னைத்தான் தெரியுமே."

அதுதான் தறி பேசிய கடைசிப் பேச்சு. யோசித்துப் பார்த்தால் அது சொன்னதும் நியாயம்தான். அத்தனை நாளும் அவர்கள் ஓயாமல் பேசியது, எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததால். அந்த ஒரு சாண் நூல் மறதியைப் போக்கிவிட்ட பிறகு கேட்க ஒன்றும் மிச்சமில்லை. உண்ணாமுலை அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அடுத்த மிதியை மிதித்தாள். அச்சு வந்து நூலை நெருக்கி அடித்தது. தாண்டவன் தோளில் இருந்த குழந்தை அந்தச் சத்தத்துக்குக் கண்ணை மூடியது.

அன்று முதல்தான் நெசவாளர்கள் சேலையை அறுக்கும்போது தறியில் ஒரு சாண் பாவை விட்டு அறுத்து, புதுப் பாவை அதோடு இழைக்கு இழை பிணைக்கிறார்கள். அன்று முதல்தான் தறியும், வந்து உட்காருகிறவளை நீ யார் என்று கேட்பதில்லை.