நாலு கேஜும் ஒரு மீசையும்

கத்தாழைப்பாளையத்தில் அறிவாளிகள் நாலு பேர் இருந்தார்கள். ஊரில் மற்ற எல்லாருக்கும் வேலை இருந்தது. ஒரு பழைய காரை வாங்கி, அதன் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, உடைப்புக்குப் போன வேனின் பெரிய எஞ்சினை உள்ளே திணித்து, வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்த வேண்டும் என்று தோன்றுவதற்கு மனிதனுக்கு நிறைய ஓய்வு வேண்டும். அது அந்த நால்வருக்கும் தாராளமாகக் கிடைத்தது.

வண்டிக்குச் சொந்தக்காரன் செம்மலை. தங்கமான பையன். மனைவி கனகமணி மேல் எவ்வளவு ஆசையோ அவ்வளவு ஆசை தன் மீசை மேலும் அவனுக்கு உண்டு. விளக்கெண்ணெய் தடவி முறுக்கிவிட்டால் இரண்டு நுனியும் கன்னத்தில் ஏறி நிற்கும். பெண் பார்க்கப் போன அன்றைக்குக் கனகமணி அவன் முகத்தையே பார்க்கவில்லை, மீசையைப் பார்த்துத்தான் சரி சொன்னாள் என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அந்த மீசைக்குத்தான் இப்போது கண்டம் வந்தது. கனகமணி ஊர்த் திருவிழாவான நோம்பிக்காக அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவர்கள் ஊரான கரட்டூர் ஒரு கரட்டுக் குன்றின் உச்சியில் இருக்கிறது. "ஞாயித்துக்கெழம என்ற கார்லயே வந்து கூட்டிட்டு வாறேன்" என்று செம்மலை போனில் பீற்றிக்கொண்டிருக்க, அவளுடைய அண்ணன் கருணைவேல் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"ஏனுங் மாப்ள, அந்தத் தகர டப்பா எங்க மேட்டுல ஏறுமா?"

"ஏறலைன்னா என்ற மீசைய எடுத்துக்குங்க மச்சான்!"

சொன்ன வாயை மூடுவதற்குள் கருணைவேல் சரி என்றுவிட்டான்.

அன்றைக்கே வண்டியைக் கிளப்பிப் பார்த்தால், சிவப்பு விளக்கு எரிகிறது. எண்ணெய் அழுத்தம் காட்டும் கேஜில் அறுபதில் நிற்க வேண்டிய முள் பதினைந்தில் படுத்துக் கிடக்கிறது. எண்ணெய் அழுத்தமாக ஓடாவிட்டால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசி எஞ்சின் இறுகிப்போகும். செம்மலைக்கு இது தெரியும். டவுன் மெக்கானிக் அந்தோணிக்குப் போன் போட்டான்.

"மொதல்ல எண்ணெய் இருக்குதான்னு பாருங்க. அளவுக் குச்சிய உருவி, நல்லாத் தொடச்சுப்போட்டுப் பாருங்க" என்றார் அந்தோணி.

நால்வரில் ஒருவனான ரங்கராசு குச்சியை உருவி, வேட்டி நுனியால் பளபளவென்று துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "அட, பொட்டு எண்ணெய்கூட இல்லடா!"

ஒரு டின் ஊற்றினார்கள். மறுபடி உருவி, முன்னைவிட நன்றாகத் துடைத்துப் பார்த்தார்கள். இன்னும் இல்லை. இன்னொரு டின். அப்புறம் இன்னொன்று. எஞ்சினின் இண்டு இடுக்கெல்லாம் எண்ணெய் வழியத் தொடங்கிய பிறகும் குச்சி காய்ந்துதான் இருந்தது. "எத்தன குடிச்சாலும் தொண்ட நனைய மாட்டேங்குதே" என்று இன்னொரு கூட்டாளி திருமூர்த்தி இரக்கப்பட்டான்.

விஷயத்தைக் கேட்ட அந்தோணி, எல்லாவற்றையும் வடித்துவிட்டுத் தாம் சொல்லும் அளவு மட்டும் ஊற்றச் சொன்னார். ஊற்றினார்கள். முள் பதினைந்தைவிட்டு அசையவில்லை.

"வண்டியத் தாழ்த்தறப்ப அடியில எதையாச்சும் வெட்டி எடுத்தீங்களா?" என்று கேட்டார் அவர்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி தரையில் இடித்தது என்று அதன் அடிப்பாகத்தை வெட்டி, தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். உள்ளே எண்ணெயை உறிஞ்சும் குழாய் நீளமாக இருந்ததால் அதையும் வெட்டினார்கள், கொஞ்சம் தாராளமாகவே. இப்போது அந்தக் குழாயின் வாய் எண்ணெயை எட்டியும் எட்டாமலும் தொங்குகிறது. ஆனால் நம் ஆட்கள் யோசிக்காமல் பதில் சொல்கிறவர்கள் இல்லை.

"வெட்டுனது நானு. ஆனா நான் எடுக்கல" என்றான் ரங்கராசு.

"எடுத்துட்டுப் போனது நானு. ஆனா வெட்டல. எங்கூட்டுக் கோழி அதுலதான் தண்ணி குடிக்குது" என்றான் திருமூர்த்தி.

நாச்சிமுத்து ஒன்பதாவது பாஸ். கணக்கும் தீர்ப்பும் அந்தக் கூட்டத்தில் அவன் இலாகா. "அப்ப வெட்டி எடுத்தவன்னு ஒருத்தனுமே இல்ல" என்று தீர்ப்புச் சொன்னான். செம்மலை போனை எடுத்து, "இல்லீங்ணா" என்றான்.

"சரி, வண்டி நல்லாச் சூடாகட்டும். அப்பறமா முள்ளப் பாருங்க."

வண்டியை வெயிலில் தள்ளி நிறுத்தி, நாலு வீட்டுக் கம்பளிகளையும் கொண்டுவந்து போர்த்தினார்கள். மத்தியானத்துக்குள் கூரைமேல் தோசை வார்க்கலாம் போல ஆகிவிட்டது. கம்பளியை விலக்கிப் பார்த்தால், ஓடாத எஞ்சினின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. "அண்ணா, சூடான பொறகு இருந்த பதினஞ்சும் போயிருச்சுங்" என்று செம்மலை அழாத குறையாகச் சொன்னான்.

அந்தோணி பதறிப்போனார். "பேரிங் போயிருச்சாட்ட இருக்குது. ஓடறப்ப அடியில டொக்கு டொக்குனு தட்டற சத்தம் வருதா, கேட்டுச் சொல்லுங்க."

திருமூர்த்தி அடியில் படுத்துக்கொண்டான். எஞ்சின் ஓடியது. "ஒண்ணும் கேக்கலயே!"

"உனக்குக் காது கேக்குதான்னு மொதல்ல பாக்கோணும், இரு" என்று நாச்சிமுத்து மேலேயிருந்து ஸ்பேனரால் தட்டினான்.

"கேக்குது! டொக்கு டொக்குனு கேக்குது!"

செம்மலைக்கு முகம் செத்துப்போனது. கை தானாக மீசைக்குப் போனது. நாச்சிமுத்து தட்டுவதை நிறுத்தினான்.

"இப்பக் கேக்குதா?"

"நின்னுபோச்சுடா!"

"அவ்வளவுதான். தட்டுனா கேக்குது, தட்டாட்டிக் கேக்கல. போறப்ப வண்டிய யாரும் தட்டக் கூடாது" என்று நாச்சிமுத்து உத்தரவு போட்டான். அடியில் சத்தம் இல்லை என்று அந்தோணிக்குச் செய்தி போனது. அவருக்கும் அலுத்துவிட்டது. "அப்ப கேஜே பொய் சொல்லுமாட்ட இருக்குது. இன்னொரு கேஜ் மாட்டிப் பாருங்க" என்றார்.

மாட்டினார்கள். புதுக் கேஜும் அச்சாக அதே பதினைந்தைக் காட்டியது. செம்மலை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். ஆனால் நாச்சிமுத்துவின் கண் மின்னியது.

"பதினஞ்சும் பதினஞ்சும் எத்தனடா?"

"முப்பது."

"ஒரே கேஜ் இருந்தப்ப வெறும் பதினஞ்சு. இப்ப முப்பது ஆயிருச்சு. புரியுதா?"

"அட, கேஜ் பத்தாமத்தான் இத்தன நாளா அழுத்தம் இல்லயா!" என்று ரங்கராசு தொடையில் தட்டிக்கொண்டான்.

இன்னும் இரண்டு கேஜ் வந்தது. நாலும் வரிசையாகப் பதினைந்து காட்ட, நாச்சிமுத்து கூட்டிப் பார்த்தான். அறுபது. செம்மலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அந்தச் செவப்பு வெளக்கு இன்னும் எரியுதேடா?" என்றான் திருமூர்த்தி.

"அதுக்குக் கணக்குத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கிளம்பினார்கள். கரட்டூர் மேட்டில் பாதி தூரம் வண்டி முக்கி முனகி ஏறியது. அப்புறம் கீழேயிருந்து டொக்கு டொக்கு என்று சத்தம் வந்தது.

"எவன்டா தட்டறது? தட்டக் கூடாதுன்னு சொன்னனில்ல?" என்று நாச்சிமுத்து அதட்டினான்.

நால்வரும் எட்டுக் கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார்கள், ஓட்டிக்கொண்டிருந்த செம்மலை உட்பட. யாரும் தட்டவில்லை. அப்படியானால் அடியில்தான் எவனோ ஒளிந்திருக்கிறான். இறங்கிப் பார்ப்பதற்குள் ஒரு பெரிய டமார், கொஞ்சம் புகை, அப்புறம் நிசப்தம்.

"பாத்தியா, ஆள் ஓடிட்டான்" என்றான் ரங்கராசு.

எஞ்சின் அதற்குப் பிறகு அசையவில்லை. நாலு பேரும் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டியை உச்சிவரை தள்ளினார்கள். மேலே கருணைவேல் நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீரும் கையில் சவரக்கத்தியுமாக உட்கார்ந்திருந்தான்.

"வண்டி ஏறிருச்சுங்க மச்சான்!"

"அது ஏறல மாப்ள. நீங்க ஏத்துனீங்க. உக்காருங்க."

நியாயம்தான். செம்மலை உட்கார்ந்தான். கண் கலங்கியது. கனகமணி வாசலில் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மீசை இல்லாத முகத்தை அவள் அடையாளம் கண்டுபிடிப்பாளோ மாட்டாளோ என்று அவனுக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது.

"கொஞ்சம் பொறுங்க" என்று நாச்சிமுத்து குறுக்கே வந்தான். "உங்களுக்கு வேண்டியது ஒரு மீச. எங்ககிட்ட ஆள் நாலு. கேஜுக்குப் பதினஞ்சு போட்டு அறுபது ஆக்குனாப்ல, ஆளுக்குக் கால் மீச குடுத்தா ஒரு மீச ஆயிருமல்லங்?"

கருணைவேல் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். கணக்கு இடிக்கவில்லை. செம்மலைக்கு இடது நுனி, ரங்கராசுக்கு அதற்கு அடுத்த துண்டு, நாச்சிமுத்துக்கு மூக்கின் வலப்பக்கம், திருமூர்த்திக்கு வலது நுனி என்று பதமாகச் சிரைத்து, செய்தித்தாளில் வரிசையாக வைத்தான். கடைசித் துண்டு மட்டும் நரைத்திருந்தது. மற்றபடி அருமையான முழு மீசை. திருப்தியோடு மடித்து வைத்துக்கொண்டான்.

கனகமணி பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். இறக்கத்தில் வண்டிக்கு எஞ்சினே தேவைப்படவில்லை, ஜோராக உருண்டது. எல்லாருக்கும் குஷி. நாச்சிமுத்து மட்டும் விரலை மடக்கிக்கொண்டே இருந்தான்.

"ஆளுக்கு முக்கா மீச இருக்குது. நாலு முக்கா, மூணு. ஆனா நம்ம நாலு பேரு" என்றான் மெதுவாக. "அப்ப நம்மள்ல ஒருத்தனுக்கு மீசயே இல்ல. அது யாரு?"

ஒவ்வொருவனும் உதட்டைத் தடவிப் பார்த்தான். தனக்கு இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்தான். அவனுக்கும் இருக்கிறது. செம்மலை கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டான். யாருக்கோ ஒருத்தனுக்குப் போயே போய்விட்டது, அது யாருக்கு என்றுகூடத் தெரியவில்லையே என்று திருமூர்த்தி விசும்பத் தொடங்கினான்.

"அட, எதுக்கு இத்தன ஒப்பாரி? மீச இல்லாதது நாந்தான்" என்றாள் கனகமணி, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி.

திரும்பிப் பார்த்தார்கள். உண்மைதான், அவளுக்குச் சுத்தமாக இல்லை. கணக்கு நேரானது. மூன்று பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

செம்மலைக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. தன் மீசையைக் காப்பாற்ற, ஒரு வார்த்தை சொல்லாமல் இவள் தன்னுடையதைக் கொடுத்துவிட்டாளே! வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் கை நீட்டி அவள் கையைப் பிடித்தான்.

"வெசனப்படாத கண்ணு," என்றான். "என்ற வெளக்கெண்ணெய உனக்கே தாறேன். அடுத்த நோம்பிக்குள்ள மொளச்சுரும்."